வேஷம் யாருக்குச் சொந்தம்? மேடையில் நெருப்பு கக்கிய 'கிஸ்' இசைக்குழுவின் 50 ஆண்டு கதை

அமெரிக்காவின் 'கிஸ்' ராக் இசைக்குழுவைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான கிதார் கலைஞர் ஏஸ் ஃப்ரேலி, 2025 அக்டோபர் 16-ம் தேதி காலமானார். அவருக்கு வயது 74.

ஏஸ் என்றதும் ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது, வெள்ளை பூசிய முகமும் கண்களைச் சுற்றி வெள்ளி நிற நட்சத்திரமும்தான். 'ஸ்பேஸ்மேன்' என்று அந்த வேஷத்துக்குப் பெயர். அதை உருவாக்கியவர் ஏஸ். ஆனால், அந்த முகத்தோடு மேடையில் அதிக ஆண்டுகள் நின்றவர் அவர் இல்லை!

ஏஸ் அந்த வேஷத்தில் இருந்தது மொத்தம் சுமார் 15 ஆண்டுகள். அவருக்குப் பதிலாக வந்த டாமி தாயர், அதே நட்சத்திரத்தை வரைந்துகொண்டு 2002 முதல் 2023 வரை, அதாவது 21 ஆண்டுகள் வாசித்தார்.

ஒரு கலைஞர் தனக்காக வரைந்த முகத்தை இன்னொருவர் எப்படிப் போட முடியும்? ரசிகர்கள் கைதட்டியது மனிதருக்கா, மேக்கப்புக்கா? கிஸ் குழுவின் 50 ஆண்டு வரலாறே கிட்டத்தட்ட இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த நால்வர்?

கதை தொடங்குவது நியூயார்க்கில். ஜீன் சிம்மன்ஸ், பால் ஸ்டான்லி இருவரும் 1970-களின் தொடக்கத்தில் 'விக்கெட் லெஸ்டர்' என்ற குழுவில் இருந்தார்கள். ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள்; ஆனால், அது வெளிவரவே இல்லை. அந்தக் குழுவை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்க முடிவு செய்தார்கள்.

ஜீன் பிறந்தது இஸ்ரேலில். இயற்பெயர் ஹயிம் விட்ஸ். அவருடைய தாய், நாஜிக்களின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய ஹங்கேரி யூதப் பெண். 8 வயதில் தாயுடன் நியூயார்க் வந்த ஜீன், காமிக்ஸ் புத்தகங்களையும் பேய்ப் படங்களையும் பார்த்து வளர்ந்தவர்.

பால் ஸ்டான்லியின் இயற்பெயர் ஸ்டான்லி ஐசன். பிறவியிலேயே வலது காது முழுமையாக வளரவில்லை. அந்தக் காதில் கேட்கும் திறனும் இல்லை. சிறுவயதில் கேலிக்கு ஆளான இவர்தான், பின்னாளில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் நட்சத்திர முகத்தோடு நின்றார்.

டிரம்ஸ் வாசிக்கும் பீட்டர் கிறிஸ், 'ரோலிங் ஸ்டோன்' இதழில் கொடுத்த விளம்பரம் மூலம் கிடைத்தார். கிதாருக்கு 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் வேறொரு விளம்பரம் வந்தது. அதைப் பார்த்து வந்த ஏஸ் ஃப்ரேலி, ஒரு காலில் சிவப்பு ஷூ, இன்னொரு காலில் ஆரஞ்சு ஷூவோடு நின்றார். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். கிதாரை எடுத்து வாசித்ததும் முடிவு மாறியது.

1973 ஜனவரி 30-ம் தேதி, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு சின்ன கிளப்பில் முதல் நிகழ்ச்சி. பார்க்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மேக்கப் ஏன் வந்தது?

அப்போது நியூயார்க்கில் 'நியூயார்க் டால்ஸ்' குழு பளபளப்பான பெண் வேடத்தில் கலக்கிக்கொண்டிருந்தது. 'ஆலிஸ் கூப்பர்' மேடையிலேயே தூக்கு மேடை, கில்லட்டின் எல்லாம் கொண்டுவந்து மிரட்டினார். ஆலிஸ் கூப்பர் மேடையில் ஒரே ஒரு நாயகன்தான். நான்கு பேருமே நாயகர்களாக இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் கிஸ் பிடித்த பாதை.

ஜீன், நாக்கை நீட்டும் அரக்கன். பால், ஒரு கண்ணில் கறுப்பு நட்சத்திரம் வைத்த 'ஸ்டார்சைல்டு'. ஏஸ், விண்வெளி மனிதன். பீட்டர், மீசை வரைந்த பூனை மனிதன். ஆரம்பத்தில் மேக்கப் கலைஞர் என்று தனியாக யாரும் இல்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அவரவர் முகத்தை அவரவரே வரைந்துகொண்டார்கள்.

இந்த ரகசியத்தை அவர்கள் காத்த விதம்தான் இன்னும் சுவாரசியம். 1970-கள் முழுக்க மேக்கப் இல்லாமல் பத்திரிகைகளுக்குப் போஸ் கொடுக்கவில்லை. வெளியே கேமரா தெரிந்தால் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். பெயர் பெற்ற பிறகும் முகம் தெரியாத நட்சத்திரங்கள்!

குழுவின் லோகோவையும் வடிவமைத்தவர் ஏஸ்தான். அதன் கடைசி இரண்டு எழுத்துகள் மின்னல் வடிவில் இருக்கும். ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் சின்னத்தை அது ஒத்திருந்ததால், நாஜிச் சின்னங்களுக்குத் தடை உள்ள ஜெர்மனியில் வேறு வடிவ எழுத்துகளோடு ஆல்பங்கள் வெளியாயின. குழுவை ஆரம்பித்த ஜீன், பால் இருவருமே யூதர்கள் என்பது இதில் வரும் முரண்.

மேடையில் அப்படி என்னதான் செய்தார்கள்?

ஜீன் வாயிலிருந்து நெருப்பு கக்குவார். போலி ரத்தம் வழியவிடுவார். ஏஸின் கிதாரிலிருந்து புகை கிளம்பும். பீட்டரின் டிரம்ஸ் மேடை அப்படியே மேலே உயரும். கடைசியில் பால் கிதாரை உடைப்பார். உயரமான பூட்ஸ், கனமான உடை, வெடிச் சத்தம், காகிதத் துண்டு மழை எல்லாம் சேர்ந்து ஒரு சர்க்கஸே நடக்கும்.

ஆபத்து இல்லாமல் இல்லை. 1973 டிசம்பர் 31 இரவு நியூயார்க்கில் நடந்த நிகழ்ச்சியில், நெருப்பு கக்கிய ஜீனின் தலைமுடியிலேயே தீப்பிடித்தது. 1976 டிசம்பரில் ஃபுளோரிடாவின் லேக்லேண்ட் நகரில், மேடையில் இருந்த கைப்பிடிக் கம்பியைத் தொட்ட ஏஸ் மீது மின்சாரம் பாய்ந்தது. சரியாக எர்த் செய்யப்படாத கம்பி அது. உயிர் பிழைத்தது பெரிய விஷயம். அந்த அதிர்ச்சியையே 'ஷாக் மீ' என்ற பாட்டாக எழுதினார். கிஸ் ஆல்பத்தில் அவர் முதல்முறையாக முன்னணிக் குரலில் பாடியதும் அந்தப் பாட்டில்தான்.

முதல் மூன்று ஆல்பங்களும் ஏன் ஓடவில்லை?

மேடையில் இவ்வளவு கூட்டம். ஆனா ரெக்கார்டு விற்கவில்லை. 1974, 1975-ல் வந்த முதல் மூன்று ஸ்டுடியோ ஆல்பங்களும் சுமாராகத்தான் போயின. மேடையில் இருந்த அந்த இரைச்சலும் ஆவேசமும் ஸ்டுடியோ பதிவில் வரவே இல்லை என்பதுதான் பிரச்னை.

அவர்களின் 'காசாபிளாங்கா ரெக்கார்ட்ஸ்' நிறுவனமும் கடனில் தவித்தது. மேலாளர் பில் ஆக்காயின், பயணச் செலவுகளைத் தன் சொந்த கிரெடிட் கார்டில் போட்டுச் சமாளித்தார். இன்னும் ஒரு தோல்வி என்றால் எல்லாரும் காலி.

அப்போதுதான் ஒரு முடிவு எடுத்தார்கள். ஸ்டுடியோ ஒலி மேடையை எட்டவில்லை என்றால், மேடையையே ரெக்கார்டில் கொண்டுவந்தால் என்ன?

1975 செப்டம்பரில் வெளியானது 'அலைவ்!' என்ற இரட்டை ஆல்பம். கச்சேரிகளில் பதிவு செய்தது. அதில் இருந்த 'ராக் அண்ட் ரோல் ஆல் நைட்' பாட்டு பில்போர்டு பட்டியலில் 12-வது இடத்துக்கு ஏறியது. இதே பாட்டின் ஸ்டுடியோ பதிவு அதே ஆண்டில் 68-வது இடத்தைத்தான் தொட்டிருந்தது. பாட்டு அதேதான், கூட்டத்தின் சத்தம் சேர்ந்ததும் தலையெழுத்து மாறியது.

இதிலும் ஒரு சின்ன 'வேஷம்' உண்டு. அந்த நேரடிப் பதிவின் பல பகுதிகள் பின்னர் ஸ்டுடியோவில் திருத்தப்பட்டவை. தப்பாக வாசித்த இடங்களைச் சரிசெய்தார்கள். குரல்களை மீண்டும் பதிவு செய்தார்கள். இதைக் குழுவினரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்கள்.

பள்ளிக்கூட விளையாட்டு அணியும் கிஸ்ஸும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் காடிலாக் என்று ஒரு சிறிய ஊர். 1974-ல் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணி, தொடர் தோல்வியில் துவண்டுபோனது. பயிற்சியாளர்கள், மாணவர்களை உற்சாகப்படுத்த கிஸ் பாடல்களை உடை மாற்றும் அறையில் ஒலிக்கவிட்டார்கள். அணி வெற்றிப் பாதைக்குத் திரும்பியது.

இதைக் கேள்விப்பட்ட கிஸ் குழு, 1975 அக்டோபரில் அந்த ஊருக்கே போய்விட்டது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கச்சேரி நடந்தது. ஊர்வலமும் நடந்தது. ஊர்ப் பெரியவர்கள்கூட கிஸ் மேக்கப் போட்டுக்கொண்டார்கள்.

பார்க்க வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால், இந்த மேக்கப்பின் பலம் என்ன என்பதை இந்தச் சம்பவம் காட்டிவிடும். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ரசிகன் அரை மணி நேரத்தில் தன் நாயகனாகவே மாறிவிடலாம். "ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். கிஸ் விஷயத்தில் பாதிக்கு மேலேயே போய்விட்டது.

உச்சமும் விரிசலும்

1976-ல் வந்த 'டெஸ்ட்ராயர்' ஆல்பத்தைத் தயாரித்தவர் பாப் எஸ்ரின். ஆலிஸ் கூப்பரின் ஆல்பங்களைச் செதுக்கியவர். அதில் பீட்டர் கிறிஸ் பாடிய 'பெத்', பியானோவும் வயலின்களும் பின்னணியில் வரும் மென்மையான பாட்டு. கிஸ்ஸின் மற்ற மூவரும் அதில் வாசிக்கவே இல்லை. வேறொரு பாட்டுக்குப் பின்பக்கமாக வெளியிட்ட இதை வானொலிகள் திருப்பிப் போட்டு ஒலிபரப்ப, 7-வது இடம் வரை போனது. அமெரிக்காவில் இன்றுவரை கிஸ்ஸின் மிகப் பெரிய ஹிட் பாட்டு இதுதான். நெருப்பும் வெடியும் இல்லாத பாட்டு!

பிறகு வணிகம் சூடுபிடித்தது. பொம்மை, மதிய உணவு டப்பா, பின்பால் மெஷின் என எல்லாவற்றிலும் கிஸ் முகம். 1977-ல் மார்வெல் நிறுவனம் கிஸ் காமிக்ஸ் வெளியிட்டபோது, நால்வரும் தங்கள் ரத்தத்தைக் கொடுத்தார்கள். அச்சு மையின் சிவப்பு நிறத்தில் அது கலக்கப்பட்டது.

1978 செப்டம்பர் 18-ல் நால்வரும் ஒரே நாளில் நான்கு தனி ஆல்பங்கள் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அதில் பெரிய ஹிட் பாட்டு கொடுத்தது, குழுவின் தலைவர்களாகக் கருதப்பட்ட ஜீனோ பாலோ இல்லை. 'நியூயார்க் குரூவ்' பாடிய ஏஸ்.

ஆனால், உள்ளே விரிசல் தொடங்கிவிட்டது. குடி, போதைப்பொருள், யார் பேச்சு எடுபடுவது என்ற சண்டை. 1979-ல் வந்த 'டைனஸ்டி' ஆல்பத்தில் டிஸ்கோ தாளத்தில் அமைந்த 'ஐ வாஸ் மேட் ஃபார் லவ்வின் யூ' உலகம் முழுக்க ஓடியது. அந்த ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களில் டிரம்ஸ் வாசித்தது பீட்டர் இல்லை. ஆன்டன் ஃபிக் என்ற வேறொரு கலைஞர். அட்டையிலோ பூனை மனிதனின் முகம்.

அன்று ஒரு விதி, பின்னர் ஒரு விதி

இங்கேதான் கதை முக்கியமான கட்டத்துக்கு வருகிறது.

1980-ல் பீட்டர் வெளியேறினார். எரிக் கார் வந்தார். அவருக்குப் பூனை வேஷம் கொடுக்கவில்லை. 'நரி' என்ற புது வேஷம் உருவானது. 1982-ல் ஏஸ் விலகினார். அவருக்குப் பதில் வந்த வின்னி வின்சென்ட்டுக்கும் நெற்றியில் எகிப்தியச் சின்னம் வரைந்த புது முகம். அதாவது, அன்றைய விதி இதுதான்: ஆள் போனால், அவர் முகமும் அவரோடு போகும்.

ஆனால், ரசிகர்கள் மனதில் புது முகங்கள் பழைய முகங்கள் அளவுக்கு ஒட்டவில்லை. 1981-ல் வந்த 'மியூசிக் ஃப்ரம் தி எல்டர்' ஆல்பமும் படுதோல்வி. 1983 செப்டம்பர் 18-ம் தேதி எம்டிவி தொலைக்காட்சியில் கிஸ் மேக்கப்பைக் கலைத்து முகத்தைக் காட்டியது. அடுத்த 12 ஆண்டுகள் சாதாரண முகத்தோடுதான் வாசித்தார்கள். ஆல்பங்கள் விற்றன, 'ஃபாரெவர்' பாட்டு 1990-ல் 8-வது இடத்துக்குப் போனது. இசை மட்டுமே வைத்தும் தாக்குப்பிடிக்க முடியும் என்று நிரூபித்த காலம் அது.

1991 நவம்பர் 24-ல் எரிக் கார் புற்றுநோயால் இறந்தார். வயது 41 தான். 'குயின்' குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி இறந்ததும் அதே நாளில் என்பதால், எரிக்கின் மறைவு பலருக்குத் தெரியாமலே போனது.

1996 பிப்ரவரியில் கிராமி விருது மேடை. ராப் பாடகர் டூபாக் ஷகூர் அறிமுகம் செய்ய, பழைய நால்வரும் பழைய மேக்கப்பில் வந்து நின்றார்கள். அரங்கமே எழுந்தது. ஜூன் 28-ல் டெட்ராய்ட் நகரில் நடந்த முதல் கச்சேரிக்கு, சுமார் 40 ஆயிரம் டிக்கெட்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்ந்தன.

ஆனா இந்த ஒற்றுமையும் பாதி வேஷம்தான். 1998-ல் வந்த 'சைக்கோ சர்க்கஸ்' ஆல்பத்தில், ஏஸும் பீட்டரும் சில இடங்களில் மட்டுமே வாசித்தார்கள். மீதியை வாசித்தவர்கள் வேறு கலைஞர்கள். அவர்களில் ஒருவர் டாமி தாயர்.

டாமி தாயர் எப்படி ஸ்பேஸ்மேன் ஆனார்?

டாமி, கிஸ் பாட்டுகளை அப்படியே வாசிக்கும் ஒரு நகல் குழுவில் ஏஸ் வேஷம் போட்டவர். பிறகு கிஸ் அலுவலக வேலைகளைப் பார்த்தார். 2002-ல் ஏஸ் மீண்டும் விலகியபோது, நிஜ கிஸ் மேடையிலேயே ஸ்பேஸ்மேனாக ஏறினார். பீட்டரின் பூனை முகம் எரிக் சிங்கரிடம் போனது.

ஏஸ், பீட்டர் இருவரும் தங்கள் மேக்கப் மீதான உரிமையை முன்பே ஒப்பந்தம் மூலம் விட்டுக்கொடுத்திருந்தார்கள். எனவே, சட்டப்படி இதைத் தடுக்க முடியாது. 1980-ல் இருந்த விதி தலைகீழானது: ஆள் போகலாம், முகம் குழுவோடு இருக்கும்.

ஜீனும் பாலும் சொன்ன நியாயம் எளிது. கிஸ் என்பது சூப்பர்ஹீரோ கதை மாதிரி. பேட்மேனாக நடிப்பவர் மாறினாலும் பேட்மேன் மாறுவதில்லை. டாமியும் எரிக்கும் குறித்த நேரத்துக்கு வந்தார்கள், பிழையில்லாமல் வாசித்தார்கள் என்பதை விமர்சகர்களும் மறுக்கவில்லை.

மறுபக்க வாதமும் வலுவானது. பேட்மேன், ஒருவர் எழுதிய கற்பனைப் பாத்திரம். ஸ்பேஸ்மேன், ஒரு இளைஞன் கண்ணாடி முன் உட்கார்ந்து தன்னைப் பற்றித் தானே வரைந்துகொண்டது. அந்த கிதார் பாணியும் அவருடையது. அதை இன்னொருவர் முகத்தில் பார்ப்பது தங்களுக்கு வேதனை என்று ஏஸும் பீட்டரும் பலமுறை பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

2014-ல் இது வெளிப்படையாக வெடித்தது. 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' அமைப்பு, கிஸ்ஸின் முதல் நால்வரை மட்டுமே கௌரவித்தது. மற்ற உறுப்பினர்களையும் சேர்க்க வேண்டும் என்றார்கள் ஜீனும் பாலும். எந்த நால்வர் வாசிப்பது என்பதில் உடன்பாடு வராததால், மேடையில் பேசினார்களே தவிர, ஒரு பாட்டுகூட வாசிக்கவில்லை.

இனி அவதாரங்கள்

2023 டிசம்பர் 2-ம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கிஸ் கடைசிக் கச்சேரியை நடத்தியது. முடிவில் திரையில் தோன்றியவை, கணினியில் உருவான நான்கு கிஸ் அவதாரங்கள். இனி மேடையில் இவைதான் என்று அறிவித்தார்கள். 2024 ஏப்ரலில் பாடல் உரிமை, பெயர், லோகோ, மேக்கப் எல்லாவற்றையும் ஸ்வீடனின் 'பாப்ஹவுஸ்' நிறுவனம் வாங்கியது. விலை 30 கோடி டாலருக்கும் மேல் என்று செய்திகள் வந்தன. லண்டனில் 'அபா' குழுவின் டிஜிட்டல் அவதார நிகழ்ச்சியின் பின்னணியில் இருப்பதும் இதே நிறுவனம்தான்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. அந்த அவதாரங்களுக்காக சென்சார் உடை அணிந்து உடல் அசைவு கொடுத்தவர்கள் ஜீன், பால், டாமி, எரிக் சிங்கர். ஸ்பேஸ்மேனும் பூனை மனிதனும் திரையில் நடமாடுவார்கள். ஆனால், அந்த நடை ஏஸ், பீட்டர் இருவருடையதும் அல்ல.

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் கென்னடி சென்டர் கௌரவத்துக்கு கிஸ் தேர்வானது. இரண்டே மாதத்தில் ஏஸ் போய்ச் சேர்ந்தார். முதல் நால்வர் மீண்டும் ஒரே மேடையில் வாசிக்கும் வாய்ப்பும் அதோடு முடிந்தது.

புதிதாகக் கேட்பவர்கள் எங்கே தொடங்கலாம்?

கிஸ் பாட்டுகளில் சிக்கலான இசை நுணுக்கம் தேடினால் ஏமாற்றம்தான். சின்ன கிதார் வரி, நேரான தாளம், கூட்டமே சேர்ந்து பாடும்படி ஒரு பல்லவி. இந்த மூன்றும்தான் சூத்திரம். நால்வருமே பாடுவார்கள் என்பது கூடுதல் பலம்.

முதலில் 'அலைவ்!' கேளுங்கள். குழு ஏன் பிழைத்தது என்பது புரியும். அடுத்து 'டெஸ்ட்ராயர்', அதில் 'டெட்ராய்ட் ராக் சிட்டி'யையும் 'பெத்'தையும் அடுத்தடுத்து கேட்டால், ஒரே குழுவா என்ற சந்தேகம் வரும். மூன்றாவதாக 1977-ல் வந்த 'லவ் கன்'. 'ஷாக் மீ' இருப்பது இதில்தான்.

அந்தப் பாட்டின் நடுவே வரும் கிதார் தனி ஆவர்த்தனத்தை மேக்கப் படம் எதுவும் பார்க்காமல், கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடிந்தது நட்சத்திரத்தை மட்டும்தான் என்பது காதுக்கே தெரிந்துவிடும்.